வாழை எப்படி வளருகிறது என்று வாழைக்காரர் பிள்ளைக்கு யார் சொல்வது?

இந்த வாரம் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். வீட்டில் ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால், ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து ஒரு வாழை வரைந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து எதையும் சொல்லித்தர வேண்டாம். வரைந்து முடித்த பிறகு வாங்கிப் பாருங்கள்.

முசிறிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் நான் இதைச் செய்தேன். பள்ளிக்கு மூன்று பக்கமும் வாழைத் தோட்டம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் தார் தெரியும். பிள்ளைகள் வரைந்து கொடுத்த தாள்களில் பெரும்பாலும் மாமரம்தான் இருந்தது. தடித்த அடிமரம், நாலைந்து கிளை, கிளைக்குக் கிளை மஞ்சள் பழம் ஒவ்வொன்றாகத் தொங்கியது. சிலர் தார் வரைந்திருந்தார்கள். ஆனால் காய்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் காயை மேல்நோக்கி வளைத்து, தாரின் நுனியில் பூவைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு குட்டி வாழையையும் வரைந்திருந்தாள். “உங்க அப்பாவுக்கு வாழைத் தோட்டம் இருக்காம்மா?” என்று கேட்டேன். இல்லையாம். அப்பா லாரி ஓட்டுகிறார். “எங்க வீட்டுக் கொல்லையில இருக்கு. நானும் அப்பாயியும் அங்கதான் பாத்திரம் கழுவுவோம்” என்றாள்.

ஏக்கர் கணக்கில் வாழை போட்டவர்களின் பிள்ளைகள் மாமரம் வரைந்தார்கள். கழுவு தண்ணீரில் வளரும் ஒரு குத்து வாழையைத் தினமும் பார்த்த பிள்ளை சரியாக வரைந்தது. அன்றிலிருந்து இது என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

தோட்டத்துக்குள் பிள்ளை வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “உள்ளே போகாதே, பாம்பு கிடக்கும். மருந்து அடிச்சிருக்கு. சட்டையில கறை படும். போய் வீட்டுப்பாடம் எழுது.” நான்கும் உண்மைதான். ஆனால் வாயால் சொல்லாத ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது: “இந்தப் பாடு என்னோடு போகட்டும், உனக்கு வேண்டாம்.” அப்படி நினைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்ட வேண்டிய தார் நிற்கும்போது ஒரு ராத்திரிக் காற்றில் தோட்டம் முழுவதும் படுத்ததைப் பார்த்தவர்களுக்கு, 2018 நவம்பரில் கஜா புயல் போன மறுநாள் காலையில் வரப்பில் நின்றவர்களுக்கு, அதைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் ‘என் மகன் விவசாயம் செய்ய வேண்டாம்’ என்பது ஒரு முடிவு. ‘வாழை எப்படி வளருகிறது என்று என் மகனுக்குத் தெரிய வேண்டாம்’ என்பது வேறு. நாம் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டோம்.

உலகத்திலேயே அதிகமாக வாழை விளைவிக்கும் நாடு இந்தியா. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் திருச்சியில்தான் இருக்கிறது. திருச்சி, தேனி, ஈரோடு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வாழை நிற்கிறது. இந்த ஊர்களின் பிள்ளைகளும் வாழைப்பழத்தை ஆங்கில எழுத்து அட்டையில்தான் முதலில் படிக்கிறார்கள்.

கொல்லையே போதும்

சொல்லித்தர பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. சொல்லப்போனால் ஒரே நாளில் நட்டு ஒரே உயரத்தில் நிற்கும் திசு வளர்ப்பு வாழைத் தோட்டம் சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு நல்ல பாடம் இல்லை. அங்கே எல்லாம் ஒரே வயது. கொல்லையில் நிற்கும் குத்து வாழையில்தான் நாலு தலைமுறையும் ஒரே இடத்தில் நிற்கும். வெட்டிய தாயின் அடிக்கட்டை, தார் தள்ளிய வாழை, இடுப்பளவு கன்று, மண்ணைக் கீறிக்கொண்டு வரும் ஈட்டிக் கன்று. பிள்ளையிடம் எது அம்மா, எது அக்கா, எது பாப்பா என்று கேட்டால் போதும். கன்று, தாய், ஈனுவது என்று நம் சொற்களே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.

அடுத்தது தண்டு. ‘வாழை மரமே இல்லை, அது ஒரு பெரிய செடி’ என்று முதல் நாளே சொல்லிப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம். வாழை மரம் என்றே அது சொல்லட்டும், நாமும் அப்படித்தானே சொல்கிறோம். தார் வெட்டிய ஒரு வாழையைச் சாய்த்துப் போட்டு, மட்டையை ஒவ்வொன்றாக உரிக்க விடுங்கள். ஒவ்வொரு மட்டையும் ஓர் இலையின் அடிப்பாகம் என்பதை மேலே கொண்டுபோய்க் காட்டுங்கள். மரக்கட்டை எங்கே என்று பிள்ளையே தேடும். கிடைக்காது. இலைகள் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கின்றன என்று அதுவே சொல்லிவிடும். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் பிரிக்கிறது. மடல், குலை ஆகிய சொற்களைப் புல்லின் பக்கம் வைக்கிறது. உள்ளேயும் வெளியேயும் வைரமே இல்லாத நம் வாழைக்கு அந்த இரண்டு சொற்களும் எப்படிப் பொருந்தி நிற்கின்றன பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தமிழாசிரியர் இதைச் சொல்லலாம்.

அப்படியானால் உண்மையான தண்டு எது? மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். இதைச் சொன்னால் பிள்ளை நம்பாது. காட்டினால் நம்பும். நீங்கள் எப்படியும் அறுத்து எறியப்போகிற பக்கக் கன்று ஒன்றை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மட்டமாக வெட்டுங்கள். மறுநாள் காலையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். சுற்றியுள்ள மட்டை அப்படியே இருக்க, நடுக்குருத்து மட்டும் மேலே எழும்பியிருக்கும். தலையை வெட்டிய பிறகும் எப்படி வளர்ந்தது? தலை இருந்தது மேலே இல்லை, மண்ணுக்குள். கன்றை வெட்டினால் மட்டும் சாகாது, குருத்தைக் குடைந்தெடுக்க வேண்டும் அல்லது நடுவில் சொட்டு மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த வேலை. பிள்ளைக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. இதைவிட நல்ல அறிவியல் சோதனையை நான் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் பார்த்ததில்லை. செலவு ஒரு பைசா இல்லை.

குருத்து விரிவதை எண்ணவும் சொல்லலாம். இன்று விரிந்த இலையின் காம்பில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். நல்ல தண்ணீரும் வெயிலும் இருந்தால் வாரத்துக்கு ஒன்று, பத்து நாளுக்கு ஒன்று என்று இலை வரும். பனிக்காலத்தில் மெதுவாகும். ஏன் மெதுவாகிறது என்று பிள்ளையே கேட்கும்.

அடுப்படியில் இருக்கும் பாதிப் பாடம்

தோட்டத்தில் ஆரம்பித்ததை அடுப்படியில் முடிக்கலாம். நாம் பொரியல் செய்கிற வாழைத்தண்டு, வாழையின் வெளித்தண்டு அல்ல. கிழங்கிலிருந்து கிளம்பி, இலை மட்டைகளுக்கு நடுவே குழாயில் ஏறுவதுபோல ஏறி, உச்சியில் பூவைத் தள்ளுகிறதே, அந்தப் பூத்தண்டு. அதனால்தான் பூ வைக்காத இளம் வாழை காற்றில் சாய்ந்தால் சமைக்கத் தண்டு கிடைப்பதில்லை, பிளந்தால் சுருட்டிய இலைதான் இருக்கிறது. சமையல் செய்பவர்களுக்கு இது தெரியும். ஏன் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. பிள்ளைக்குச் சொல்லப் போகும்போது நமக்கும் தெளிவாகிவிடுகிறது.

இலை விட்டுக்கொண்டிருந்த அதே வளர்நுனிதான் ஒரு நாள் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவாக மாறுகிறது. அதற்கு முன் கடைசியாக ஒரு குட்டி இலை வரும். அதைப் பார்த்தால் ‘பூ வரப்போகிறது’ என்று பிள்ளையிடம் பந்தயம் கட்டலாம். ஒரு வாழை ஒரே ஒரு தார்தான் போடும் என்பதற்கும் காரணம் இதுவே. நுனி பூவாகிவிட்ட பிறகு வளர்வதற்கு அதில் வேறு நுனி இல்லை.

பூ வெளியே வந்துவிட்டால் சில நாட்கள் தினமும் கூட்டிப் போங்கள். ஒரு மடல் தூக்கும். அடியில் இரண்டு வரிசையாகப் பூ. அந்த ஒரு மடலின் பூக்கள்தான் ஒரு சீப்பு. அடுத்த மடல், அடுத்த சீப்பு. முதலில் வருவது காயாகும் பெண் பூ. பிறகு வருபவை ஆண் பூக்கள், அவை காயாவதில்லை, உதிர்ந்துவிடும். காய்க்காத மீதிப் பூவைத்தான் கடைசிச் சீப்பு விரிந்ததும் ஒடித்து எடுத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். அதை ஆயும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வேகாது என்று நாம் உருவிப் போடும் கள்ளன் ஒரு பூவின் சூல்தண்டு. குண்டூசித் தலை மாதிரி இருக்கும் நுனி, மகரந்தம் ஒட்டுகிற இடம். அதோடு வரும் கண்ணாடித் தாள் போன்றது ஓர் இதழ். ஒரு பூவின் பாகங்களைப் படிக்கச் செம்பருத்தியைத்தான் கிழிக்க வேண்டும் என்று யார் சொன்னது? மடலுக்கடியில் தேன் இருக்கும். தேன்சிட்டும் அணிலும் ஏன் அங்கே சுற்றுகின்றன என்பதற்குப் பதில் நாக்கிலேயே கிடைக்கும். நம் காலத்தில் எல்லோரும் உறிஞ்சியதுதான். மருந்து அடிக்காத கொல்லை வாழையில் மட்டும் அதை அனுமதியுங்கள்.

பிஞ்சு முதலில் கீழ்நோக்கித்தான் இருக்கும். சில நாட்களில் மெல்ல மெல்ல மேலே வளையும். இந்தத் திருப்பத்தைப் பார்த்த பிள்ளை, காய் தரையைப் பார்க்கிற படத்தை இனி வரையாது. பூ தள்ளியதிலிருந்து வெட்டும் வரை ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து மூன்று நான்கு மாதம். காயின் முனை விளிம்புகள் மழுங்கி உருண்டு வருவதைத் தடவிப் பார்த்து முற்றிவிட்டதா என்று சொல்ல, எட்டு வயதுப் பிள்ளையால் முடியும்.

விதை எங்கே என்று கேட்கும் பிள்ளைக்குப் பழத்தைக் குறுக்கே வெட்டிக் கொடுங்கள். நடுவில் இருக்கும் சின்னக் கரும்புள்ளிகள்தான் விதையாகாமல் போனவை. காட்டு வாழைப் பழத்தில் கல் மாதிரி விதை நிறைந்திருக்கும், தின்னச் சதையே கிடைக்காது. கற்பூரவல்லியில் எப்போதாவது பல்லில் கடிபடும் விதை அந்தப் பழைய குணத்தின் மிச்சம். விதையில்லாத வாழையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கன்றாகவே கைமாற்றி, நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உங்களைப் போன்ற விவசாயிகள்தான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொல்லுங்கள், தப்பில்லை.

வெட்டும் நாளை மறைக்காதீர்கள்

சில வீடுகளில் பிள்ளை வளர்த்த வாழையை அது பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து வெட்டுகிறார்கள். அழுமே என்று. அழட்டும். பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிய பிள்ளைக்கு அழ உரிமை இருக்கிறது. ஆனால் அது இருக்கும்போதே வெட்டுங்கள். தாரை இறக்குவதையும், தாயை உடனே அடியோடு சாய்க்காமல் விட்டால் அதிலிருக்கும் சத்தும் நீரும் கன்றுக்கு இறங்கும் என்பதையும் காட்டுங்கள். ‘வாழையடி வாழை’ என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம். அதன் அர்த்தத்தைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் மறைக்கிறோம்.

அந்தத் தாரின் விலையையும் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வியாபாரி என்ன கொடுத்தார், கன்றுக்கும் உரத்துக்கும் முட்டுக் கம்புக்கும் என்ன போனது, கடையில் ஒரு பழம் என்ன விலை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு அது போதும். விவசாயம் பொன்னாகக் காய்க்கிறது என்று பாட்டுப் பாடிச் சொல்லித்தருவதும் பொய், அதில் ஒன்றுமே இல்லை என்று விரட்டுவதும் பொய். கணக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பெரிய பிள்ளைகளுக்கு, ஒன்பது பத்து வயதில், இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கன்றைத் தாயின் பிள்ளை என்று ஆரம்பத்தில் சொன்னோம். உண்மையில் அது தாயின் நகல். தாய்க்கு எந்த நோயைத் தாங்கத் தெரியாதோ, கன்றுக்கும் தெரியாது. தோட்டம் முழுவதும் ஒரே ரகம் என்றால் தோட்டத்துக்கே தெரியாது. ஏற்றுமதிச் சந்தையையே ஆண்ட குரோ மிஷல் என்ற ரகம் பனாமா வாடல் நோயால் அழிந்து, 1960-களில் அந்த இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. நம் கிராண்ட் நைன் கேவண்டிஷ் வகைதான். அதையும் தாக்கும் புதிய வாடல் பூஞ்சை பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. நம் ஊரில் ரஸ்தாளி போட்டவர்களுக்கு வாடல் நோயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இது மண்ணோடு போகும் நோய், காலில் ஒட்டிய மண்ணே போதும். கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் மலைவாழையைக் குறைத்தது முடிக்கொத்து நோய். அதைப் பரப்புவது அசுவினி. விருப்பாச்சி, சிறுமலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு மட்டும் நோயைத் தடுத்துவிடாது. உச்சியில் இலை குறுகி, விறைத்து, கொத்தாக நிற்கும் ஒரு வாழையைப் பத்து வயதுக் கண் நம் கண்ணைவிட விரைவாகப் பிடிக்கும். கூட்டத்தில் வித்தியாசமாக இருப்பதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டைத்தானே அவர்கள் நாளெல்லாம் ஆடுகிறார்கள்?

இப்போது வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர்களுக்கு. பள்ளியிலிருந்து ‘களப் பயணம்’ என்று வருகிறார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ரகத்தின் பெயர், இடைவெளி, உர அளவு என்று விவசாயிக்குச் சொல்வதையே சொல்கிறோம். ஆளுக்கொரு பழம், ஒரு போட்டோ, வேன் கிளம்பிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் வாழையைப் பார்க்கலாம், அது வளர்வதைப் பார்க்க முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை நாற்பது பிள்ளைகளைக் கூட்டி வருவதைவிட, ஒரே தோட்டத்துக்கு ஒரே வகுப்பு ஐந்து முறை வருவது நல்லது: நடும்போது, பக்கக் கன்று அறுக்கும்போது, பூ தள்ளும்போது, காய் திரும்பும்போது, தார் இறக்கும்போது.

பள்ளியிலேயே நடுவதென்றால் ஜூனில் நடச் சொல்லுங்கள். நடும் நாளில் கன்றைவிடப் பிள்ளை உயரம். தீபாவளி வாக்கில் கன்று பிள்ளையை முந்தியிருக்கும். பொங்கலுக்குள் ஆசிரியரையும் முந்தும். சிக்கல் என்னவென்றால் தார் முற்றும் நேரத்தில் கோடை விடுமுறை வந்துவிடும். விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் காய்ந்துபோன பள்ளி வாழைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பள்ளியை ஒட்டிய வீட்டில் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், அந்த வீட்டுக்கு ஒரு சீப்பு. கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறும் வேளாண் கல்லூரி மாணவர்களும் விவசாயிகள் கூட்டத்தோடு நிற்காமல், வாரத்தில் ஒரு காலையைத் தொடக்கப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் ஒதுக்கலாம். சொல்லித்தருவது அவர்களுக்கும் நல்ல பயிற்சி. பெரியவர்கள் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். பிள்ளைகள் ஆட்ட மாட்டார்கள்.

நகரத்துப் பள்ளியிலிருந்து வந்தால் பழுத்த சீப்பையும் காட்டுங்கள். தோலில் புள்ளி விழுந்த பழத்தை அழுகல் என்று ஒதுக்கும் பிள்ளைக்கு, அதுதான் நன்றாக இனித்த பழம் என்று உரித்துக் கொடுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைதான் கடையில் நின்று உங்கள் பழத்தைப் பார்த்து விலை கேட்கப் போகிறது.

சில எச்சரிக்கைகள். மருந்து அடித்த தோட்டத்துக்குள், அந்த மருந்துக்குச் சொல்லப்பட்ட நாள் கழியும் வரை, பிள்ளைகளை விடாதீர்கள். கூன்வண்டுக்காகத் தண்டில் ஊசி போட்ட வாழையை உரித்துப் பார்க்கக் கொடுக்கவே கூடாது. சருகு குவிந்த இடத்தில் முதலில் நீங்கள் நடந்து, குச்சியால் தட்டிவிட்டுப் பிறகு அழையுங்கள். முட்டுக் கொடுத்த தாரின் கீழே யாரும் நிற்க வேண்டாம். வாடல் நோய் உள்ள தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நேராகப் போகக் கூடாது. வாய்க்காலில் காலையும் செருப்பையும் கழுவிக்கொண்டு வரப்பேறுவதைப் பழக்குங்கள். பிள்ளைகள் கழுவினால் வேறு வழியில்லாமல் நாமும் கழுவுவோம்.

சட்டை விஷயத்தில் அம்மாக்கள் சொல்வதுதான் சரி. வாழைக் கறை எந்த சோப்புக்கும் போகாது. அன்றைக்கு மட்டும் சீருடை வேண்டாம், பழைய சட்டை போட்டு அனுப்புங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.